கூழைக்கடா கேட்காத கேள்வி

குண்டூசி குடிவந்த கட்டடத்தில் ஒரு லிஃப்ட் இருந்தது. அது எவ்வளவு மெதுவாகப் போகும் என்றால், கீழ்த்தளத்தில் மீசை இல்லாமல் ஏறியவர்கள் ஆறாவது மாடியில் மீசையோடு இறங்குவார்கள். அதனால் குண்டூசி படியேறித்தான் போவாள். மீசை பயம் ஒரு காரணம். லிஃப்டுக்குள் யாராவது இருந்தால் அவர்களோடு என்ன பேசுவது என்று தெரியாதது இன்னொரு காரணம்.

குண்டூசி என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். ஆள் சின்னது, பேச்சு கூர்மை. ஆனால் இந்த ஊருக்கு வந்த பிறகு அந்தக் கூர்மையைக் காட்ட ஆள் கிடைக்கவில்லை. அப்பா கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி நாள் தண்ணீர்மேல் இருப்பார். அம்மா பஸ் கண்டக்டர். மதியம் பஸ்ஸில் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் இறங்குவார்.

பள்ளி விட்டு வந்தால் வீட்டில் இருப்பவை மூன்று நாற்காலி, ஒரு மேசை, ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ். இவற்றில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் கேட்டதற்குப் பதில் சொல்லும்.

"இன்னைக்கு கணக்கு டீச்சர் வரல," என்பாள் குண்டூசி.

"ம்ம்ம்ம்ம்," என்னும் ஃபிரிட்ஜ்.

"உனக்கு வேற பேச்சே வராதா?"

ஃபிரிட்ஜ் கோபித்துக்கொண்டு சட்டென்று நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்துத்தான் மறுபடி முகம் கொடுக்கும்.

வகுப்பிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். இரண்டு மாதத்தில் குண்டூசியிடம் யாராவது ஏதாவது பேசியிருந்தால் அது "கொஞ்சம் தள்ளி உட்காரு" என்பதாகத்தான் இருக்கும். அவளும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, பெஞ்சின் ஓரத்துக்கே வந்துவிட்டாள். இன்னும் ஒரு விரற்கடை தள்ளினால் அடுத்த வகுப்பில் பாடம் கேட்க வேண்டியதுதான்.

அந்த வகுப்பும் பக்கத்து வகுப்பும் ஒரு கேமைப் பற்றித்தான் பேசும். அதன் பெயர் 'மிதக்கும் தீவு'. ஆளுக்கு ஒரு தீவு. அதில் வீடு கட்டலாம், மரம் நடலாம். தீவின் ஓரத்தில் ஒரு படகுத்துறை இருக்கும். படகேறினால் மற்றவர்களுடைய தீவுக்கெல்லாம் போய் வரலாம். "நேத்து உன் தீவுக்கு வந்தேன், நீ இல்ல," "உன் ஆட்டுக்குட்டி என் செடியைத் தின்னுடுச்சு," என்று காலையில் மணி அடிக்கும் வரை ஊர்ச்சண்டை நடக்கும்.

ஒரு திங்கட்கிழமை, முன் பெஞ்சில் இருக்கும் மூக்குக்கண்ணாடிப் பையன் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் அவனைக் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள்.

"நீ மிதக்கும் தீவு விளையாடுவியா?"

குண்டூசி தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

"எந்த தீவு... ம், விளையாடுவேன்."

"சனிக்கிழமை சாயங்காலம் எல்லார் தீவையும் சேர்த்து ஒரே பாலம் கட்டப் போறோம். வர்றியா?"

"வர்றேன்."

மணி அடித்தது. கண்ணாடி திரும்பிக்கொண்டான். குண்டூசியிடம் டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்று இருந்தது உண்மை. டிப்போவில் ஒரு டிரைவர், மகன் வளர்ந்துவிட்டான் என்று அம்மாவுக்குக் கொடுத்தது. ஆனால் 'மிதக்கும் தீவு' இல்லை. அந்தச் சின்ன உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் "சரி, தள்ளி உட்காரு" என்று சொல்லிவிடுவானோ என்று பயந்துவிட்டாள்.

அம்மாவிடம் அவசரமாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வீட்டில் காத்திருந்து பயனில்லை. தெருமுனை நிறுத்தத்தில் நின்று பஸ்ஸில் ஏற வேண்டும்.

"அம்மா, ஒரு கேம் வேணும்."

"உள்ளே போங்க, உள்ளே போங்க! என்ன கேம்?"

"எல்லாரும் விளையாடுறது."

"எல்லாரும்னா யாரு? சார், காலை உள்ள வைங்க, அது உங்க கால்தானே? எவ்வளவு கண்ணு?"

"புதுசு ரொம்ப ஜாஸ்தி. பழைய கேம் கடையில பாதி விலைக்கும் கீழ."

"அப்ப பழசே வாங்கு. இந்த பஸ்கூட பழசுதான். ஓடல?"

பஸ் அந்த நேரம் பார்த்து இருமியது, குலுங்கியது, நின்று யோசித்தது, பிறகு ஓடியது. அம்மா பையிலிருந்து தன் சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு நாணயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இது எதுக்கும்மா?"

"டிக்கெட்டுக்கு. ரெண்டு நிறுத்தம் வந்திருக்கியே."

பழைய கேம் கடை மிகவும் சின்னது. கடைக்காரர் கொட்டாவி விட வேண்டுமென்றால் தெருவுக்கு வர வேண்டும். யோசிப்பதற்கும் தெருவுக்குத்தான் வருவார். அவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து 'மிதக்கும் தீவு' டிஸ்கை எடுத்து, துடைத்து, விளக்கில் காட்டினார்.

"ஒரு கீறல் கிடையாது. இதுல முகம் பார்த்துத் தலை சீவலாம். ஒருத்தங்க கையிலதான் இருந்துச்சு."

குண்டூசி படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஆறு மாடி ஏறினாள். கேம் பெட்டியில் டிஸ்கைப் போட்டு, கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். டிவியில் நீலமாய்க் கடல் விரிந்தது. நடுவில் அவளுக்கே அவளுக்கென்று ஒரு தீவு. குடிசை ஒன்று கட்டினாள். மரம் ஒன்று நட்டாள். பிறகு நேராகப் படகுத்துறைக்கு நடந்தாள்.

அங்கே ஒரு கூழைக்கடா நின்றது. தலையில் காவலர் தொப்பி. அலகின் கீழ்ப் பையில் ஒரு முத்திரைக் கட்டை. அது தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது:

"வணக்கம். இந்த டிஸ்கின் பயணச்சீட்டு ஏற்கெனவே வேறொருவர் பெயரில் உள்ளது. புதிய சீட்டு வாங்குகிறீர்களா?"

பக்கத்தில் விலை மின்னியது. குண்டூசி டிஸ்க் வாங்கிய விலையைப் போல அது இரண்டு மடங்கு.

அவள் தரையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். விலை குறையவில்லை. கூழைக்கடாவிடம் நல்ல முறையில் கேட்டாள். அது "வணக்கம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. கடலில் பிடித்துத் தள்ளினாள். மறுபக்கம் ஏறி வந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, "வணக்கம்" என்றது. தொப்பிகூட நனையவில்லை.

மறுநாள் வகுப்பில் கண்ணாடியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"உன் கேம் என்ன விலைக்கு வாங்கின?"

"ஒரு குடை விலைதான். கம்ப்யூட்டர்ல அப்பப்ப ஆஃபர் போடுவாங்க. அன்னைக்கு ஒரே நாள்ல ஒன்பது கேம் வாங்கினேன்."

"எல்லாம் எப்படி இருக்கு?"

"இன்னும் ஒண்ணைக்கூடத் திறக்கல. இதுக்கே நேரம் பத்தல."

"அப்ப அதுல ஒண்ணை யாருக்காவது குடுக்கலாம்ல?"

"குடுக்க முடியாது. கம்ப்யூட்டர்ல வாங்குறது கையிலயே வராது. என் பேர்ல ஒட்டிக்கும். விக்கவும் முடியாது, குடுக்கவும் முடியாது." கண்ணாடி பெருமையாகச் சொன்னான். பிறகு பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்கே சந்தேகம் வந்து, நோட்டைத் திறந்துகொண்டான்.

சாயங்காலம் குண்டூசி பழைய கேம் கடையில் நின்றாள்.

"மாமா, நீங்க ஏமாத்திட்டீங்க. படகுத்துறை திறக்கல."

"ஐயோ, படகுத்துறையா? உனக்குத் தனியா விளையாடத்தான் வேணும்னு நினைச்சுட்டேனே. கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்." கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "புது டிஸ்க் கூட ஒரு ரகசிய எண் வரும். அதை ஒரு தடவைதான் போடலாம். யாரு முதல்ல போடுறாங்களோ சீட்டு அவங்க பேருக்குப் போயிடும். பழசு வாங்குறவங்க புதுசா ஒரு சீட்டு வாங்கட்டும்னு கம்பெனிக்காரங்க பண்ற வேலை."

"சீட்டு ஏன் அவ்வளவு விலை? கம்ப்யூட்டர்ல முழு கேமே ஒரு குடை விலைதானாமே!"

"கம்ப்யூட்டருக்குக் கேம் விக்கிறவங்க நிறைய பேரு. ஒருத்தர் விலையைக் குறைச்சா பக்கத்துக் கடைக்காரரும் குறைச்சாகணும். உன் கேம் பெட்டிக்குள்ள இருக்கிறது ஒரே கடை, அதுவும் பெட்டி செஞ்சவங்களோட கடை. ஊருக்கு ஒரே கடைன்னா அங்க வச்சதுதான் விலை. பேரம் பேசுறதுக்கு எதிர்க்கடை ஏது?" கடைக்காரர் பெருமூச்சு விட்டார். கடை நிறைந்துவிட்டது. "டிஸ்க் வேண்டாம்னா குடு. காசை முழுசாத் தந்துடறேன்."

குண்டூசி டிஸ்கைப் பையிலிருந்து எடுத்தாள். கொடுக்க மனம் வரவில்லை. கோபம் வந்தது. கோபத்துக்கு ஆள் வேண்டுமே! முகம் தெரியாத அந்த முதல் சொந்தக்காரர்மேல் அதைக் கொட்டினாள்.

"எல்லாம் இதை வித்தவங்களால. சீட்டைத் தன் பேருக்கு எடுத்துக்கிட்டு டிஸ்கை மட்டும் வித்திருக்காங்க. சாறைக் குடிச்சிட்டுச் சக்கையை விக்கிற மாதிரி!"

"திட்டாத பாப்பா," என்றார் கடைக்காரர். "அந்தப் பொண்ணு வித்த மறுநாளே மூச்சு வாங்க ஓடி வந்துச்சு. 'டிஸ்கைத் திருப்பிக் குடுங்க'ன்னு கேட்டுச்சு. நான் வாங்குறது ஒரு விலை, விக்கிறது ஒரு விலை. நடுவுல இருக்கிறதுலதான் என் வீட்டு அடுப்பு எரியுது. ஆனாலும் பாவமா இருந்துச்சு, வாங்குன விலைக்கே தர்றேன்னு சொன்னேன். அதுகூட அது கையில இல்ல. செலவாயிடுச்சாம். அப்புறம் தினமும் வந்து வெளிய நின்னு கண்ணாடி வழியா டிஸ்கைப் பார்த்துட்டுப் போகும். நேத்து நீ வாங்கிட்டுப் போன பிறகும் வந்துச்சு. அந்த இடம் காலியா இருக்கிறதைப் பார்த்துச்சு. அப்படியே திரும்பிப் போயிடுச்சு."

குண்டூசி கடைக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். யாரும் இல்லை. ஆனால் அங்கே ஒரு பெண் நிற்பதுபோலவும், தன்னையே பார்ப்பதுபோலவும் தோன்றியது. வெளியே நின்று உள்ளே பார்ப்பது எப்படியிருக்கும் என்று குண்டூசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபம் காற்றுப் போன பந்துபோல் ஆகிவிட்டது.

"மாமா, அவங்ககிட்ட சீட்டு இன்னும் இருக்கும்ல?"

"இருக்கும். பேரோட ஒட்டுனது. உரிச்சாலும் வராது."

"ஆனா டிஸ்க் இல்லாம கேம் திறக்காது."

"திறக்காது."

"என்கிட்ட டிஸ்க் இருக்கு, சீட்டு இல்ல."

"இல்ல."

"ரெண்டு பேரும் ஒரே பெட்டி முன்னாடி வந்து உட்கார்ந்தா? என் டிஸ்க், அவங்க பேரு?"

கடைக்காரர் யோசிப்பதற்காகத் தெருவுக்குப் போனார். ஒரு சைக்கிள், இரண்டு ஆட்டோ, ஒரு நாய் போகும் வரை நின்றார். திரும்பி வந்தார்.

"நடக்கும் பாப்பா. இத்தனை வருஷமா கடை வச்சிருக்கேன், இதை எனக்கே யாரும் சொல்லல."

"அவங்க யாரு மாமா?"

"அது மட்டும் சொல்ல மாட்டேன். வித்தவங்க பேரை வெளிய சொன்னா நாளைக்கு யாரு என்கிட்ட வந்து விப்பாங்க?"

"பேரு வேண்டாம். வந்தா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. டிஸ்க் பத்திரமா இருக்கு, கீறல் விழலன்னு சொல்லுங்க."

"சீட்டைப் பத்திச் சொல்ல வேண்டாமா?"

"முதல்ல இதைச் சொல்லுங்க," என்றாள் குண்டூசி.

மறுநாள் போனாள். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அதற்கு மறுநாளும் போனாள். அன்றைக்கு உதட்டோடு தோளையும் சேர்த்துக் குலுக்கினார்.

வீட்டில் வேறு வேலை இல்லாமல் கேமைப் போட்டாள். அவள் நட்ட மரம் வளர்ந்திருந்தது. அதைக் காட்ட ஆளில்லை. தீவில் இருட்டும் நேரம். படகுத்துறையின் நுனியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். தொலைவில், கடலுக்கு அப்பால், சின்னச் சின்ன விளக்குகள் தெரிந்தன. மற்றவர்களின் தீவுகள். ஒரு விளக்கு அணைந்தது. இன்னொன்று எரிந்தது. இந்நேரம் யார் யார் வீட்டுக்கு யார் யார் போயிருப்பார்களோ!

கூழைக்கடா பக்கத்தில் வந்து நின்றது. குண்டூசி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால்தான் அது "வணக்கம்" என்று ஆரம்பிக்கும். இருவரும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. "நாளைக்கு மறந்துடாத," என்றான் கண்ணாடி. "இருட்டுறதுக்குள்ள யார் யார் வர்றாங்களோ அவங்க தீவு வரைக்கும்தான் பாலம்." குண்டூசி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளி விட்டதும் கடைக்குப் போனாள். கடைக்குள் ஒரு பெண் நின்றிருந்தாள். அதே பள்ளிச் சீருடை. பக்கத்து வகுப்பு. அவளை ஏணி என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஸ்டூல் தேவைப்படாத ஒரே மாணவி அவள்தான். இப்போது கடைக்குள் குனிந்து நின்றாள். நிமிர்ந்தால் மின்விசிறிக்கு ஆபத்து.

"நீதானா?" என்றாள் ஏணி.

"நான்தான்."

"கீறல் விழலையாமே."

"விழல. தினமும் துணியால மூடி வைக்கிறேன்."

ஏணி கண்களைச் சுருக்கினாள். "என் சீட்டு வேணும்னுதானே என்னைத் தேடின?"

"ஆமா," என்றாள் குண்டூசி.

ஏணி திகைத்துப் போனாள். 'இல்லை' என்று குண்டூசி சொன்னால் அதற்குச் சண்டை போட நான்கு வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தாள். 'ஆமா'வுக்கு ஒன்றும் தயாராக இல்லை.

"ஆமான்னா சொல்ற?"

"பின்ன? நாளைக்குப் பாலம் கட்டுறாங்க. நான் போகணும். உனக்கும் போகணும்னு இருக்கும்ல. சேர்ந்தே போலாமேன்னு பார்த்தேன்."

ஏணி நிமிரப் பார்த்தாள். மின்விசிறி அவள் தலைக்கு மேல் பயந்து பயந்து சுற்றியது.

"நீ ஏன் வித்த?" என்று கேட்டாள் குண்டூசி.

கடைக்காரர் ஏற்கெனவே துடைத்த இடத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

"கேம் பெட்டியைப் போட்டா டிவியில கேமோட படம் வரும்ல," என்றாள் ஏணி தரையைப் பார்த்துக்கொண்டு. "அதுக்குக் கீழ 'உங்களுடையது'ன்னு போட்டிருக்கும். சரி, என்னுதுதானேன்னு நினைச்சேன். கம்ப்யூட்டர்ல எல்லாரும் டிஸ்க் இல்லாமதானே விளையாடுறாங்க. டிஸ்க் சும்மா மேலுறை மாதிரின்னு வித்துட்டேன். வீட்டுக்குப் போய்ப் போட்டா, 'டிஸ்கைச் செருகவும்'னு கேக்குது. நாள் பூரா கேக்குது."

"வித்த காசு?"

"அதுக்கு... ஒண்ணு வாங்கினேன்."

"என்ன?"

"ரெண்டாவது கன்ட்ரோலர்."

"எதுக்கு?"

ஏணியின் காது சிவந்தது. "அந்த கேமை ரெண்டு பேரா விளையாட."

கடைக்காரர் திடீரென்று தெருவுக்குப் போனார். வெளியே அவர் முதுகு மட்டும் குலுங்கியது. திரும்பி வந்தபோது முகம் துக்க வீட்டுக்குப் போய் வந்ததுபோல் இருந்தது. குண்டூசிக்கும் சிரிப்பு வந்தது. ஏணியின் காதைப் பார்த்தாள். சிரிப்பை அப்படியே விழுங்கினாள். அது பாதி வழியில் மாட்டிக்கொண்டு விக்கலாகிவிட்டது.

"யாரோட... ஹிக்... விளையாட?"

"யாராவது வந்தா," என்றாள் ஏணி. "அண்ணன் வேலைக்குன்னு வேற ஊருக்குப் போயிட்டான். அவனோட கன்ட்ரோலரும் அவன்கூடவே போயிடுச்சு. ரெண்டு இருந்தா யாராவது வருவாங்கன்னு நினைச்சேன். யாரையும் கூப்பிடல. சும்மா வாங்கி வச்சேன்."

குண்டூசியின் விக்கல் நின்றுவிட்டது.

"எங்க வீட்ல ஒண்ணுதான் இருக்கு," என்றாள். "நாளைக்கு உன்னுதையும் எடுத்துட்டு வா."

அன்று சாயங்காலம் மறுபடி பஸ்ஸில் ஏறினாள்.

"அம்மா, நாளைக்கு ஒருத்தி வீட்டுக்கு வரலாமா?"

அம்மா டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "யாரு?"

"பக்கத்து வகுப்பு. உயரமா இருப்பா. அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வருவா."

"வரட்டுமே," என்றார் அம்மா சாதாரணமாக. "இதுக்கெல்லாமா கேப்பாங்க?" சொல்லிக்கொண்டே ஒரே பயணிக்கு மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். "நான் ஒருத்தன்தாம்மா," என்றார் அந்தப் பயணி. அம்மா காதில் விழவில்லை.

சனிக்கிழமை ஏணி வந்தாள். கன்ட்ரோலர் இன்னும் பிரிக்காத உறையில் இருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து உறையைப் பிரித்தார்கள். புதுப் பொருளின் வாசனை அறை முழுக்கப் பரவியது. ஏணி தன் பெயரைப் போட்டு, ரகசியச் சொல்லைத் தட்டினாள். அதுவரை குண்டூசி மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிவியில் ஏணியின் தீவு வந்தது. புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. ஏணி உயரத்துக்கு என்றும் சொல்லலாம்.

"என் தீவு இதுல வராதுல்ல?" என்றாள் குண்டூசி.

"வராது. இது என் பேரு. உன் தீவு உன் பேர்லதான் இருக்கும்."

தெரிந்த விஷயம்தான். ஆனாலும் தெரிந்திருப்பது வேறு, காதால் கேட்பது வேறு. அந்த ஒற்றை மரம் பாலத்தில் சேராது.

"சரி," என்றாள். குரல் கொஞ்சம் சின்னதாக வந்தது.

ஏணி புல்லை வெட்டிக்கொண்டே போனாள். பிறகு நின்றாள்.

"தெற்குப் பக்கம் நான் ஒண்ணுமே பண்ணல. வேணும்னா எடுத்துக்கோ."

"பாதித் தீவா?"

"பாதிதான். அதுக்கு மேல ஆசைப்படாத."

குண்டூசி அந்தப் பாதியில் முதலில் ஒரு மரம் நட்டாள். பிறகு இருவரும் படகுத்துறைக்கு நடந்தார்கள். கூழைக்கடா நின்றிருந்தது.

"வணக்கம்," என்றது அது. முத்திரைக் கட்டையை எடுத்தது. ஏணியின் பெயரைப் பார்த்தது. ஒரு முத்திரை குத்தியது. "சீட்டு சரியாக உள்ளது. இனிய பயணம்!"

படகு வந்தது. ஏணியின் பொம்மை ஏறியது.

"நீயும் ஏறு," என்று கிசுகிசுத்தாள் ஏணி.

"என்னைத் தடுத்துட்டா?"

"ஏறேன். பார்த்துக்கலாம்."

குண்டூசியின் பொம்மை ஒரு காலை எடுத்துப் படகில் வைத்தது. கூழைக்கடா திரும்பிப் பார்த்தது. கூழைக்கடா தொப்பியைச் சரி செய்துகொண்டு கடலைப் பார்க்கத் தொடங்கியது.

ஒரு சீட்டுக்கு ஒரு படகு. படகுக்குள் எத்தனை பேர் என்று அது கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றியிருந்தால் அதற்கும் ஒரு விலை போட்டிருப்பார்கள். குண்டூசியின் அம்மா அந்தப் படகுத்துறையில் வேலை பார்த்திருந்தால் படகையே நிறுத்தியிருப்பார்.

நடுக்கடலில் வகுப்பே கூடியிருந்தது. பலகைகள், கயிறுகள், யார் சொல்வதையும் யாரும் கேட்காத சத்தம்.

"ஏய், ஏணி!" கண்ணாடியின் குரல் டிவியிலிருந்து வந்தது. "இத்தனை நாளா எங்க போயிருந்த? உன் தீவு இருட்டாவே கிடந்துச்சு! படகுல ரெண்டாவது ஆள் யாரு?"

"நான்தான்," என்றாள் குண்டூசி.

"நான்தான்னா?"

"பெஞ்சு ஓரம். தள்ளி உட்காரச் சொல்வீங்களே, அந்த நான்."

கண்ணாடியின் பொம்மை படகுப் பக்கம் திரும்பியது.

"அடடா, நீயா?" என்றான் கண்ணாடி. "அப்ப சும்மா நிக்காம அந்தப் பலகையைப் பிடி! அங்க இல்ல, இங்க! ஐயோ, விழுந்துட்டா!"

குண்டூசி கடலில் விழுந்தாள். அவளைத் தூக்கக் குனிந்த ஏணியும் விழுந்தாள். இருவரையும் தூக்க வந்த கண்ணாடி பலகையோடு விழுந்தான். பாலம் பாம்பு நெளிந்ததுபோல்தான் வந்தது. நேராகக் கட்டியிருந்தால் சீக்கிரமே முடிந்திருக்கும். அதில் என்ன சுவாரசியம்? கடைசிப் பலகை, ஏணி தீவின் தெற்குப் பக்கத்தில், நேற்று வரை ஒன்றுமே இல்லாத இடத்தில், அன்று நட்ட கன்றுக்குப் பக்கத்தில் வந்து பொருந்தியது.

அம்மா வேலை முடிந்து வந்தபோது கதவு திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீதான் ஆட்டுக்குட்டியை அவுத்து விட்ட!"

"நான் எங்க விட்டேன்? அதுவா போச்சு!"

அம்மா பணப்பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

ஏணி எழுந்தாள். "ஆன்ட்டி, நான் கிளம்புறேன். அம்மா தேடுவாங்க." படி வரை போனவளைக் குண்டூசி கூப்பிட்டாள்.

"ஏய், உன் கன்ட்ரோலர்!"

"அதை எதுக்குத் தூக்கிட்டு அலையணும்?" என்றாள் ஏணி கீழிருந்து. "நாளைக்கும் வருவேன்ல."

அவள் காலடிச் சத்தம் தளம் தளமாக இறங்கிப் போனது. தரையில் இரண்டு கன்ட்ரோலர்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அம்மா குனிந்து ஒன்றை எடுத்து அலமாரியில் வைக்கப் போனார்.

"அதை எடுக்காதம்மா," என்றாள் குண்டூசி. "அங்கேயே இருக்கட்டும். அது அவ உட்கார்ற இடம்."